சின்ன லெவியே

என் மேசையில் தாள்கள் பறக்காமலிருக்க ஒரு சிவப்புக் குமிழை வைத்திருக்கிறேன். எலுமிச்சம்பழ அளவு இருக்கும். கை பட்டுப் பட்டு ஒரு பக்கம் சாயம் போய்விட்டது. பழைய பிக்கப் வண்டியொன்றில் கியர்த் தண்டுக்குப் பக்கத்தில் நின்ற இன்னொரு தண்டின் தலை அது. அந்தக் குட்டித் தண்டை நாங்கள் சின்ன லெவியே என்போம். மொரீஷியஸ்காரர்களான எங்களுக்கு வீட்டில் கிரியோல்தான். தமிழ் கோவிலுக்கும் உறவுமுறைக்கும் மட்டும். வண்டி என் மனைவியின் அண்ணனுடையது. அவரை மச்சான் என்று கூப்பிடுவேன். சேன் பியேரில் கொஞ்சம் கரும்பு பயிரிட்டவர், அந்த வண்டியைக் கட்டிக்கொண்டு அழுதார் என்று அவர் தங்கையே கேலி செய்வாள்.

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. டவுன் ஓரத்து டிராங்கெபாரில் வளர்ந்தவனுக்கு நடை, இல்லாவிட்டால் பஸ். கல்யாணத்துக்குப் பிறகு மச்சான் பிடித்த பிடியில்தான் வண்டி ஓட்டவே பழகினேன். கியர்பெட்டிக்குப் பின்னால் இன்னொரு பெட்டி இருக்கிறது, என்ஜினின் பலத்தைப் பின்சக்கரங்களுக்கு மட்டும் கொடுப்பதா, முன்சக்கரங்களுக்கும் பங்கு வைப்பதா என்று அதுதான் பார்த்துக்கொள்கிறது, அதை மாற்றுவது சின்ன லெவியே என்று விளக்குவார். “சேத்துல நாலு, தாருல ரெண்டு. மறந்தா பெட்டி கோவிச்சுக்கும்” என்று கிரியோலில் அவர் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. ஏன் கோபித்துக்கொள்ளும் என்று நான் கேட்டதில்லை. புரிந்தவன் மாதிரி தலையாட்டி வைத்தேன்.

எங்கள் தீவுக்குச் சுதந்திரம் வருவதற்குச் சில வருஷம் முந்திய தைப்பூசம் அது. என் மனைவிக்கு அதற்குமுன் இரண்டு கரு தங்கவில்லை. மூன்றாவது தங்கி எட்டாம் மாதம். அவள் அண்ணன் வீட்டில்தான் இருவரும் இருந்தோம். அந்தக் குழந்தை நல்லபடியாகப் பிறக்கவேண்டும் என்றுதான் மச்சான் காவடி நேர்ந்திருந்தார். ஆற்றங்கரையில் நாக்கில் ஊசி குத்திக்கொண்டால் கோவிலில் முருகன் முன்னால்தான் கழற்றவேண்டும். அதுவரை பேச்சில்லை, காவடி தரையைத் தொடக்கூடாது. விடியும் முன்பே நடந்து போய்விட்டார். ராத்திரி முழுக்கப் பேய்மழை. வெளிச்சம் வந்ததும் மனைவி என்னைக் கூப்பிட்டாள். அவள் சேலையில் ரத்தம். பக்கத்து வீட்டு அம்மாள் அவளைத் தாங்கிக்கொள்ள, நான் பிக்கப்பை எடுத்தேன். அன்றைக்கு எங்கள் ஊரில் வண்டி தெரிந்தவர்கள் அத்தனை பேரும் ஆற்றங்கரையில் நின்றார்கள். மிஞ்சியது நான்.

கரும்புக்கு நடுவே போகும் பாதை குழம்பாகக் கிடந்தது. சின்ன லெவியேயை நாலுக்கு, அதுவும் மெதுவாக ஊரும் கியருக்குப் போட்டேன். வண்டி முக்கி முனகி வெளியே வந்தது. அந்தச் சந்தோஷத்திலும் அவள் போட்ட சத்தத்திலும், தார் ரோட்டுக்கு வந்தபிறகு அதை மாற்ற மறந்தே போனேன். வளைவுக்கு மேல் வளைவு. ஸ்டியரிங் கல்லாக இறுகியது, என்ஜின் அலறியது, வண்டியோ நடப்பவர் வேகத்தில் போனது. நினைவு வந்து லெவியேயை இழுத்தால் அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். காலால் உதைத்தேன். உடைத்துவிட்டேன், இவளையும் பிள்ளையையும் நானே கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். எதிரே மேளச் சத்தம். மஞ்சள் வேட்டிகள் ரோட்டை அடைத்து வந்தன.

முன்வரிசையிலேயே மச்சான். வண்டியைப் பார்த்தார், உள்ளே தங்கையைப் பார்த்தார். முகம் வெளுத்தது. “லெவியே மாட்டிக்கிச்சு மச்சான், வரமாட்டேங்குது!” என்று கத்தினேன். தோளில் காவடி, நாக்கில் ஊசி. அவர் வலது கை மெல்ல எழுந்து ஊசியைப் பிடித்தது. “அண்ணே, பா டிரே!” என்று என் மனைவி வீறிட்டாள். இழுக்காதே, பிடுங்காதே என்று கெஞ்சினாள். அந்தக் கை ஊசியை விட்டுக் கீழே இறங்கி, இரண்டு விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக முறுக்கிக் காட்டியது. முன்னச்சு ஒன்று, பின்னச்சு ஒன்று. வளைவில் முன்சக்கரம் அதிக தூரம் போகிறது, பின்சக்கரம் குறைவாகப் போகிறது; சேறென்றால் வழுக்கிச் சரியாகிவிடும், தார் விட்டுக்கொடுக்காது. அந்த முறுக்கெல்லாம் பெட்டிக்குள் ஏறி லெவியேயைக் கவ்விக்கொள்கிறது. இத்தனை நாள் தலையாட்டியது அந்த நொடியில்தான் விளங்கியது. அவர் கையை மார்பை நோக்கிப் பின்னால் இழுத்தார். விரல்கள் பிரிந்தன.

ரிவர்ஸ் போட்டுப் பின்னால் போனேன். அடியில் ‘டங்’ என்று ஒரு சத்தம். லெவியே வெண்ணெயாக வந்தது. காவடிகள் ஒதுங்கி வழிவிட்டன. ஆஸ்பத்திரியில் டாக்டர், “இன்னும் தாமதமாகியிருந்தால்” என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

சாயங்காலம் கோவிலுக்கு ஓடினேன். ஊசி கழற்றியிருந்தார்கள்; நாக்கு வீங்கி அவருக்குப் பேச்சு வரவில்லை. விரல்களை முறுக்கிப் பிரித்து, புருவத்தை உயர்த்தினார். “பொண்ணு மச்சான், ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க” என்றேன். சட்டென்று தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். எனக்கு விளங்காமல் போயிருந்தால் ஊசியைப் பிடுங்கியிருப்பாரா என்று கடைசிவரை நான் கேட்கவில்லை. வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்ட அன்று குமிழை மட்டும் கழற்றி வந்து என் கையில் வைத்தார்.

மச்சான் இப்போது இல்லை. மகளுக்கு பிளேன் மாக்னியனில், விமான நிலையத்தில் வேலை. அவள் காரில் ஒரு பொத்தானை அழுத்தினால் நாலு சக்கரமும் இழுக்கின்றன, விட்டால் தாமே பிரிந்துகொள்கின்றன. வரும்போதெல்லாம் இந்தக் குமிழை எடுத்து மேலே போட்டுப் பிடிப்பாள். “கீழே வை, விழுந்துடும்” என்பேன். விழுந்தால் என்ன ஆகும் என்று சிரிப்பாள். ஒன்றும் ஆகாதுதான். ஆனாலும் அவள் அதைத் திரும்ப மேசையில் வைக்கிறவரை, மேசைக்கடியில் என் இரண்டு விரல்களும் முறுக்கிக்கொண்டே இருக்கின்றன.