மேட்டில் போடாத கூடாரம்

கடலுக்குப் போகிற திட்டம் என்னுடையது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்ல என்னை யாரும் விடவில்லை.

ஐம்பதுகளின் கடைசி. கொல்லிமலை அடிவாரத்தில், சேந்தமங்கலத்திலிருந்து பஸ் ஏறிப் போகிற தூரத்தில், ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் ட்ரில் டீச்சர். வயது இருபத்து நாலு, கல்யாணம் ஆகவில்லை. கழுத்தில் ஒரு விசில், கையில் ஒரு காற்றுப் போன பந்து. கணக்கும் இங்கிலீசும் நடத்துகிறவர்களுக்கு ட்ரில் டீச்சர் என்றாலே இளக்காரம்தான். பரீட்சை கிட்டே வந்தால் என் பீரியடைக் கேட்காமலே எடுத்துக்கொள்வார்கள். எடுத்துக்கொண்டதைச் சொல்லக்கூட மாட்டார்கள், நான் விசிலோடு மைதானத்தில் போய் நிற்பேன், ஒரு பொண்ணும் வராது.

இதில் முதல் ஆள் பெரிய டீச்சர். சரித்திரம் நடத்துகிறவள். என்னைவிட இருபது வயதாவது மூத்தவள். அவள் என்று எழுதுகிறேனே என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவர் என்று எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை.

அப்போது நான் கடலைப் பார்த்ததே கிடையாது. எங்கள் பக்கம் பாதிப் பேருக்கு அதே கதைதான். ஏரி தெரியும், கிணறு தெரியும், மோகனூர்க் காவிரி தெரியும். அதற்கு மேல் தண்ணீர் என்று ஒன்று இருப்பதைப் படத்தில் பார்த்ததுதான். என்னைக் கிளப்பி விட்டவள் தையல் டீச்சர். சேலத்துக் கிறிஸ்தவக் குடும்பம், வருஷா வருஷம் குடும்பத்தோடு கடலோரத்துக் கோயிலுக்குப் போய் வருகிறவர்கள். ஒரு நாள் பட்டன் தைத்துக்கொண்டே சொன்னாள்: "அலை திரும்பிப் போறப்போ சும்மா நின்னு பாரு. உன் காலுக்கடியில இருக்கற மண்ணு தானா நழுவும். நீ நகரவே மாட்ட, ஆனா பூமி நகரும்."

அன்றைக்குப் பிடித்தது எனக்குப் பைத்தியம். அந்த மண் என் காலுக்கடியில் நழுவ வேண்டும். சும்மா ஒரு கோயில் பயணமாகவும் இல்லை. பன்னிரண்டு பொண்ணுகளைக் கூட்டிக்கொண்டு போய், நாலு நாள் கடலோரத்தில் கூடாரம் போட்டு, சோறு பொங்கி, மணலில் ஓடி, மீன்காரர்களின் கட்டுமரத்தில் ஏறி, ஆம்பளைப் பசங்கள் செய்கிறதெல்லாம் செய்துவிட்டு வர வேண்டும்.

ஒன்றரை வருஷம் அதற்கே உழைத்தேன். ஒரு தடிமனான நோட்டு. சேலத்தில் ரயில் ஏறி, அயோத்தியாப்பட்டணம், ஆத்தூர் வழியாக விருத்தாசலம், அங்கே மாறிக் கடலூர். எந்த வண்டி எத்தனை மணிக்கு, எந்த ஸ்டேஷனில் குடிக்கத் தண்ணீர் நன்றாக இருக்கும் என்பது வரைக்கும் எழுதினேன். கூடாரத்துக்குத் துணி ஏது? நாமக்கல்லில் ஒரு லாரிக்காரர் வீட்டில் போய்க் கெஞ்சி இரண்டு பழைய தார்ப்பாய் வாங்கினேன். காய்ந்த ஏரிக்குள் பொண்ணுகளை நிறுத்தி முளை அடிக்கவும் கயிறு இழுத்துக் கட்டவும் பழக்கினேன். எங்கள் மாமா தோட்டத்துக் கிணற்றில், முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிவிட்டு ஒவ்வொருத்தியாக நீச்சல் பழக்கினேன். அவங்கம்மாக்கள் மேட்டில் நின்றுகொண்டு, "ஐயோ டீச்சர், எம்புள்ளைங்க, பாத்துங்க!" என்று கத்துவார்கள். பன்னிரண்டு பேரும் நீந்தினார்கள்.

கடைசியாகத் தையல் டீச்சரிடம் நோட்டைக் காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தாள். "எல்லாம் சரி. ஆனா நீங்கெல்லாம் காவிரிக் கரை ஆளுங்க. ஈர மணல் கெட்டியா, சமமா இருக்கேன்னு தண்ணி ஓரமாத்தான் கூடாரம் போடுவீங்க. கடல் தண்ணி ஏறும், இறங்கும். பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் இன்னும் மேல ஏறும். தாழம்புதர் இருக்கற மேட்டுல போடு."

உண்மைதான். ஆடிப் பதினெட்டுக்குக் காவிரி மணலில் நாங்கள் அடுப்பு வைப்பதே அந்த ஈர ஓரத்தில்தான். காய்ந்த மணலில் முளை நிற்காது. ஆற்றில் தண்ணீர் கூட வேண்டுமானால் மேட்டூரில் திறந்துவிட வேண்டும், அதற்கும் முன்கூட்டியே தண்டோரா போட்டுவிடுவார்கள். தானாக மேலேறி வருகிற தண்ணீரை எங்களில் யாரும் கண்டதில்லை. அதனால் ஒரு முழுத் தாளை இதற்கென்றே ஒதுக்கிச் சிவப்பு மையில் எழுதினேன். நாங்கள் போகிற நாள் பௌர்ணமியை ஒட்டி வந்தது. மேட்டில்தான் கூடாரம் என்று இரண்டு கோடு போட்டு எழுதினேன்.

நோட்டைத் தலைமையாசிரியையிடம் கொடுத்தேன். மூன்றாம் நாள் கூப்பிட்டனுப்பினார். போனால் பெரிய டீச்சர் எனக்கு முன்னாலேயே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்.

"ரொம்ப நல்லா இருக்குது சாமி," என்றார் தலைமையம்மா. "ஆனா நீ கல்யாணமாகாத புள்ள. வயசுப் பொண்ணுக பன்னெண்டு பேரை உன்னை நம்பி அனுப்பினா ஊரு என்னையத்தான் கேக்கும். பெரிய டீச்சர் கூட்டிட்டுப் போகட்டும்."

சரி, துணைக்காவது நான் போகலாமே என்று வாயைத் திறந்தேன். பெரிய டீச்சர் முந்திக்கொண்டாள். "துணைக்கு என் தங்கச்சி வாராளுங்க. அவளும் கடலைப் பாத்ததில்லை." பிறகு என் பக்கம் திரும்பி, ஏதோ எனக்கு உபகாரம் செய்கிற மாதிரி, "நான் சொல்லித்தானே கண்ணு நீ இந்த நோட்டையே ஆரம்பிச்ச?" என்றாள்.

அடிப்பாவி! ஒன்றரை வருஷத்தில் அந்த நோட்டின் அட்டையைக்கூட அவள் பார்த்ததில்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆமாங்க" என்றேன். அந்த ஆமாங்கவுக்காக என்னையே நான் அறைந்துகொள்ள வேண்டும்.

நோட்டை நல்லபடியாக அட்டை போட்டுத் தருகிறேன் என்று சொல்லி ஒரு நாள் வாங்கிக்கொண்டேன். வீட்டுக்குப் போய் பிளேடு எடுத்தேன். சிவப்பு மைத் தாளைத் தையல் பிரியாமல், ஓரம் தெரியாமல் அறுத்தேன். அழகாகப் பழுப்புத்தாள் அட்டை போட்டுக் காலையில் கொண்டுபோய் அவள் கையிலேயே கொடுத்தேன். "தங்கமான புள்ள," என்றாள்.

பொண்ணுகளை நினைத்தாயா என்று கேட்பீர்கள். நினைத்தேன். எல்லோருக்கும் நீச்சல் தெரியும். ஏறி வருகிற தண்ணீர் முழங்காலுக்கு மேல் இருக்காது என்று தையல் டீச்சர் சொல்லியிருந்தாள். அரிசி நனையும், படுக்கை நனையும், பெரிய டீச்சர் மூஞ்சி நனையும். இன்றைக்கு நினைத்தால் முதுகு சில்லிடுகிறது. அன்றைக்கு இல்லை. அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன்.

அவர்கள் போன நாலு நாளும் எனக்குத் திருவிழா. பௌர்ணமி அன்று சாயங்காலம் வாசலில் நின்று, மலைக்கு மேலே நிலா ஏறுவதைப் பார்த்தேன். ஏறு, ஏறு, நல்லா ஏறு என்று சொன்னேன். எங்கம்மா, "யாரோட பேசற?" என்று கேட்டாள். யாரோடும் இல்லை என்றேன்.

திரும்பி வருகிற அன்று இருக்கிறதிலேயே நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு, தலை நிறைய கனகாம்பரம் வைத்துக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்குப் போய் நின்றேன். அவள் தலைகுனிந்து இறங்குவதைப் பார்க்கிற முதல் கண் என் கண்ணாக இருக்க வேண்டும். பெற்றவர்கள் கேட்கிற கேள்வியில் அவள் நாக்கைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும். தலைமையம்மாவும் வந்திருந்தார். ரொம்ப நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன்.

பஸ் வந்தது. நிற்பதற்கு முன்னாலேயே கூச்சல் வந்துவிட்டது. பன்னிரண்டும் ஜன்னலில் தொங்குகின்றன. முகமெல்லாம் கறுத்து, மூக்குத் தோல் உரிந்து, குரல் கட்டிப்போய், ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு இறங்கி என்னைத்தான் முதலில் பிடித்துக்கொண்டார்கள்.

"டீச்சர்! கடலு எங்க கூடாரத்துக்குள்ளாறயே வந்துருச்சுங்க!"

"வெளக்கு வெக்கற நேரமுங்க! சோத்துக் குண்டாவே மெதந்து போச்சுங்க!"

"பெரிய டீச்சரோட செருப்பைக் கடலு கொண்டுட்டுப் போயிருச்சுங்க! நாங்க நீந்திப் போயிப் புடிச்சோமுங்க!"

ஒருத்தி சொல்கிறாள், மற்றவள் வாயைப் பொத்திவிட்டுத் தான் சொல்கிறாள். தண்ணீர் வந்ததும் பெரிய டீச்சர் கரைமேல் இருந்த மீன்காரரைக் கூப்பிட்டு, "ஏனுங்க, தண்ணிய யாருங்க தொறந்து உட்டாங்க? ஒரு தண்டோரா போடக்கூடாதுங்களா?" என்று சத்தம் போட்டிருக்கிறாள். அந்த ஆள் மணலில் உட்கார்ந்து சிரித்திருக்கிறான். அப்புறம் அவன் வீட்டு ஆட்களெல்லாம் ஓடி வந்து தார்ப்பாயை இழுத்துக் கொடுத்து, தங்கள் குடிசைக்கே கூட்டிப்போய்ச் சுடச்சுட மீன் குழம்பு ஊற்றியிருக்கிறார்கள். மறுநாள் கட்டுமரத்தில் தங்கள் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். நான் போட்ட நாலு நாள் நிகழ்ச்சியில் ஒன்றுகூட எழுதியபடி நடக்கவில்லை. அதைப் பற்றி ஒருத்தியும் கவலைப்படவில்லை.

அவள் கடைசியாக இறங்கினாள். ஈரத்தில் சுருங்கிப்போன செருப்பு. நானா மூக்கறுபட்டு நிற்பேன் என்கிற மாதிரி தலையை நிமிர்த்திக்கொண்டு, "புள்ளைங்களுக்கு ஒரு தைரியம் வரட்டுமேன்னு பாத்தேனுங்க," என்றாள் தலைமையம்மாவிடம். தலைமையம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பெற்றவர்கள் கும்பிட்டார்கள்.

எனக்கு வயிறு எரிந்தது என்று சொன்னால் அது பாதிதான். அது நான் கொடுத்தது! பிளேடு பிடித்து நான் அறுத்துக் கொடுத்தது! வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. அப்போதுதான் என் கையைப் பிடித்திருந்த பொண்ணு, எல்லாரையும்விட நன்றாக நீந்துகிறவள், ரொம்பப் பிரியமாக என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"நல்லவேளை நீங்க வரலீங்க டீச்சர். நீங்க வந்திருந்தா எல்லாம் விசாரிச்சு, மேட்டுலதான் கூடாரம் போட்டிருப்பீங்க."

தலையில் இருந்த கனகாம்பரத்தை அங்கேயே பிடுங்கி எறிய வேண்டும்போல இருந்தது. தார்ப்பாய் இரண்டும் உப்புப் பூத்து விறைத்துக் கிடந்தன. அவற்றை அலசிக் காயவைத்து லாரிக்காரர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான்.

அடுத்த வருஷம் பெரிய டீச்சரின் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். தலைமையம்மாவுக்கு வேறு வழியில்லை. தையல் டீச்சரைத் துணைக்குப் போட்டு என்னை அனுப்பினார். பன்னிரண்டில் எட்டுப் பேர் பழைய பொண்ணுகளே. நான் உள்ளுக்குள் கறுவிக்கொண்டேதான் ரயில் ஏறினேன். எப்படி நடத்துகிறேன் பார், அவள் பெயரையே இந்தப் பிள்ளைகள் மறந்துபோக வேண்டும் என்று.

கடலைப் பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் நின்றேன். அலை திரும்பியது. மண் நழுவியது. தையல் டீச்சர் சொன்ன மாதிரியே, நான் நகரவில்லை, பூமி நகர்ந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த ஒரு நிமிஷம் பெரிய டீச்சரை நான் மறந்துதான் போனேன்.

கூடாரத்தை மேட்டில், தாழம்புதர் ஓரம் போட்டேன். எல்லாம் நோட்டில் எழுதியபடியே நடந்தது. காலையில் மணலில் ஓட்டம், வேளைக்குச் சோறு, பேசி வைத்த நேரத்துக்குக் கட்டுமரம். ஒரு கரண்டி காணாமல் போகவில்லை. ஒருத்திக்குத் தும்மல்கூட வரவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் பார்த்தால் எட்டும் வரிசையாக மேட்டில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருக்கின்றன.

"என்ன?" என்றேன்.

"இந்த வருசம் கடலு வராதுங்களா டீச்சர்?" என்றாள் அந்த நீச்சல்காரி.

எனக்கு வந்த ஆத்திரத்தில் நானே போய் முளைகளைப் பிடுங்கினேன். தையல் டீச்சர், "ஏய், என்ன பண்ற?" என்று பின்னால் ஓடி வந்தாள். ஒரு தார்ப்பாயைத் தரதரவென்று கீழே இழுத்துக்கொண்டு போய், ஈர மணலில், போன வருஷம் பெரிய டீச்சர் போட்ட அதே இடம் எது என்று பொண்ணுகளிடம் கேட்டு, அங்கேயே அடித்தேன். பொண்ணுகள் கைதட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள். எல்லோரும் உள்ளே உட்கார்ந்து கடலைப் பார்த்துக் காத்திருந்தோம்.

அன்றைக்கு அஷ்டமி. தண்ணீர் மேலேறாத நாள். அறுத்தெடுத்த சிவப்பு மைத் தாள் என் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருந்தது, அதில் என் கையெழுத்தில் அதுவும் எழுதியிருந்தது. தெரிந்தும் உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு வந்தது எனக்கு வராமலா போய்விடும்?

விளக்கு வைக்கிற நேரம் ஆயிற்று. ஒரு அலை மற்றதைவிடக் கொஞ்சம் கூட வந்து, எங்களுக்கு நாலு முழம் தள்ளி நின்று, திரும்பிப் போயிற்று. அதற்கப்புறம் வந்ததெல்லாம் அதைவிடக் கீழே.

பொண்ணுகள் ஒவ்வொருத்தியாக எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டு மேட்டுக்குப் போனார்கள். நீச்சல்காரி மட்டும் கொஞ்ச நேரம் என் பக்கத்தில் இருந்தாள். பிறகு அவளும் எழுந்து, என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி தோளைத் தொட்டுச் சொன்னாள்:

"உடுங்க டீச்சர். பெரிய டீச்சரா இருந்தா வந்திருக்குமுங்க."