கடைசி ட்ரில்

பல் கிளினிக்கில் எனக்கு ஒரு பெருமை உண்டு. டாக்டர் கேட்பதற்கு முன்பே சாமான் அவர் கையில் இருக்கும். அந்த வெட்டிப் பெருமைதான் என் அம்மாவின் பல்லைத் தின்றது.

அம்மாவுக்கு மேல்வரிசையில் கடைவாய்ப் பற்கள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஒக்கலிபுரம் தெரு முழுக்கக் கறி வாசம் அடிக்கும். அவள் மட்டும் குழம்பை ஊற்றிப் பிசைந்து விழுங்குவாள். "ஒரு துண்டு கறி மென்னு துன்னா போதும்டி எனக்கு" என்பாள். நான்தான் எங்கள் டாக்டரிடமே கூட்டிப்போனேன். அவளுக்கு அங்கே எலும்பின் உயரம் குறைவு. அதனால் குட்டை இம்ப்ளாண்ட்: பல்லுக்கு வேராக எலும்பில் முறுக்கி ஏற்றும் சின்னத் திருகு.

குட்டைத் திருகுக்குப் பிடிமானம் துளை போடுவதில்தான் இருக்கிறது. மெல்லிய ட்ரில்லில் ஆரம்பித்து, ஒவ்வொன்றாகப் போட்டுத் துளையை அகலமாக்குவார்கள். எலும்பு மெத்தென்று இருந்தால் கடைசி, பெரிய ட்ரில்லைப் போடக் கூடாது. துளை இறுக்கமாக இருந்தால்தான் திருகு கவ்வும். நான் முன்பு வேலை பார்த்த இடத்து டாக்டரம்மா அந்த மாதிரி கேஸில் அதைத் தட்டிலிருந்தே எடுத்துவிடச் சொல்வார். "இல்லன்னா பழக்கத்துல என் கை கேட்டுடும்மா" என்பார்.

அன்று முதல் ட்ரில்லே பன்னுக்குள் போவது போல இறங்கியது. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. டாக்டரோ வெளியே காத்திருந்த பேஷண்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். சனியன் பிடித்த என் கை, கடைசி ட்ரில்லை அவர் கேட்கும் முன்பே நீட்டிவிட்டது. அப்போதாவது "சார், இது வேணாம்" என்று சொல்லியிருக்கலாம். அவர் பேச்சை நிறுத்தாமலே அதை வாங்கித் துளையைப் பெரிதாக்கிவிட்டார்.

திருகு இறுகவே இல்லை. விரல் பட்டாலே சுற்றியது. "பரவால்ல, ஒட்டிக்கும்" என்று தையல் போட்டார். இரண்டு மாதத்தில் அது கழன்று விழுந்தது. அம்மா அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வந்தாள்.

"உங்க எலும்பே ஸ்ட்ராங் இல்லம்மா, ஏனு மாடோது?" என்ன செய்வது என்று கன்னடத்தில் கையை விரித்தார் டாக்டர்.

அம்மா கைகூப்பினாள். "நீங்க இன்னா பண்ணுவீங்க சார், என் ஒடம்பு அப்படி."

நான் தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றிருந்தேன். ஆத்திரம் வந்தது. பாதி அந்த ஆள் மேல், பாதி என் மேல். வேலை போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டேன்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை அம்மா குழம்பைத்தான் பிசைகிறாள். கறித்துண்டை எடுத்து என் தட்டில் வைத்துவிடுகிறாள், நான் கேட்பதற்கு முன்பே.