தகரக் குழாய்க்கு வைக்கோல் சட்டை

என் வீடு குடமுருட்டி ஆற்றுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருக்கிறது என்று பதினோரு நாள் நம்பினேன். ஆறு எங்கள் தெருவிலிருந்து முக்கால் கிலோமீட்டர் தள்ளி ஓடுகிறது. ஓடுகிறது என்று சொல்வதும் ஒரு மரியாதைக்குத்தான். அப்போது கத்திரி வெயில். ஒரு காக்கை தலை நனைக்கக்கூட ஆற்றில் தண்ணீர் இல்லை. மணலில் ஸ்டம்பு நட்டுக் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். இருந்தும் நம்பினேன். பயப்படுவது என்று முடிவு செய்துவிட்டால் நான் சாட்சியெல்லாம் விசாரிப்பதில்லை.

வீட்டைத் தூக்கிய கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பாபநாசம் பக்கத்தில் எங்கள் தெருவில் பழைய சாலைக்கு மேலேயே புதுச் சாலை போடுவது வழக்கம். சாலை வருஷா வருஷம் வளர்ந்தது. வீடு வளரவில்லை. ஐப்பசி மழைக்குத் தெருத் தண்ணீர் அழைக்காத விருந்தாளியாகக் கூடத்துக்கு வந்து, கட்டில் கால்வரை நின்று, போக மனமில்லாமல் போகும். அதனால் ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குகிறவர்களைக் கூப்பிட்டேன். சுவர்களுக்கு அடியில் வரிசையாக ஜாக்கிகளை வைத்தார்கள். ஒருவர் விசில் ஊத, எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரு சுற்று சுற்றுவார்கள். சுவர்கள் மட்டும்தான் எழுந்தன. தரை பழைய இடத்திலேயே கிடந்தது. அந்தத் தரையில் நின்று என் மனைவி ரசம் வைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் அவளைத் தாண்டி மேலே போவதை வாசலில் நின்று பார்த்தேன். காலையில் இடுப்புக்கு இருந்த ஜன்னல் சாயங்காலம் மார்புக்கு வந்துவிட்டது. கனவில்கூட இப்படி ஒன்றை நான் கண்டதில்லை.

மூன்றடி எழுந்ததும் எல்லாரும் செய்வது, உள்ளே மணலைக் கொட்டி மேலே டைல்ஸ் ஒட்டுவது. நான் எல்லாரும் இல்லையே. மேலே கான்கிரீட் தளம் போட்டு, பழைய தரைக்கும் புதுத் தளத்துக்கும் நடுவே வெறும் இடமாக விடச் சொன்னேன். கொல்லைப்புறம் தவழ்ந்து நுழைய ஓர் இரும்புக் கதவு, சுற்றிலும் காற்றுக்குச் சின்னச் சின்ன ஓட்டைகள். எதற்கு என்று கேட்டவர்களிடம் ஒரு திட்டம் இருக்கிறது என்றேன். அப்போது எந்தத் திட்டமும் இல்லை.

திட்டம் சித்திரையில் வந்தது. என் மனைவி பள்ளிக்கூட டீச்சர். நானும் வீட்டில் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவேன். அவளுக்கு ஐம்பத்தொன்று. மாதவிலக்கு நிற்கிற வருஷங்கள். உடம்புக்குள் யாரோ திடீரென்று அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் போகிறார்கள் என்பாள். ஒரு வருஷமாக அவள் சரியாகத் தூங்கவில்லை. கோடை விடுமுறை விட்ட அன்று, ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கோபமே இல்லாத குரலில் சொன்னாள்:

"கத்திரி முடியறதுக்குள்ள ஒரே ஒரு மத்தியானம் முழுசாத் தூங்கிட்டேன்னா இங்கயே இருக்கேங்க. இல்லன்னா ஓசூர்ல தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு, ஸ்கூல் தொறக்கறப்ப வர்றேன்."

கோபித்துக்கொண்டு சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். அவள் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்துவிட்டுத்தான் சொன்னாள்.

சுவரில் ஒரு ஸ்பிளிட் ஏ.சி. மாட்டியிருக்கலாம். தஞ்சாவூரில் மூடிவிட்ட ஒரு புடவைக்கடையின் பெரிய மெஷின் விலைக்கு வருகிறது என்று காதில் விழுந்ததுதான் வினை. அத்தனை வருஷம் பட்டுப்புடவைகளைக் குளிர வைத்த மெஷின் ஒரு டீச்சரைக் குளிர வைக்காதா? கொல்லையில் மெஷினை வைத்து, வெல்டிங் பட்டறையில் சதுரமாகத் தகரக் குழாய் செய்யச் சொல்லி, வீட்டுக்கு அடியிலேயே அதை ஓட்டி, படுக்கையறைத் தரையில் ஒரு கம்பிச் சல்லடை வழியாகக் குளிர்காற்று மேலே வரும்படி செய்தேன். குழாய்க்கு மேலே ஏதாவது சுற்ற வேண்டாமா என்று பட்டறைக்காரர் கேட்டார். அடியில் நிழல்தானே, என்னத்துக்கு என்றேன். இதைச் சொன்னவன் நான்தான். பழியை வேறு யார் மீதும் போட வழியில்லை.

மெஷின் மூச்சு வாங்காமல் ஓடியது. மீட்டரின் சிவப்பு விளக்கு கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது. படுக்கையறைச் சல்லடையில் வந்த காற்றோ யாரோ பக்கத்தில் நின்று ஊதுகிற மாதிரி இருந்தது. டீச்சர் சல்லடை மேல் உள்ளங்காலை வைத்துப் பார்த்தாள். ஈரத் துண்டை மாற்றிக்கொண்டாள்.

கைபேசியில் தேடினேன். குழாய் போகிற வழியெல்லாம் குளிரை இழக்கிறது, அதற்குப் போர்வை வேண்டும் என்று புரிந்தது. அதற்கென்று கடையில் விற்பதை வாங்கினால் என் மூளைக்கு என்ன வேலை? நான் உரமும் விதையும் விற்கிறவன். விதைநெல்லை வைக்கோலில் திரித்த கயிற்றால், அதாவது பிரியால், இறுக்கச் சுற்றி, மேலே சாணியும் மண்ணும் மெழுகி விதைக்கோட்டை கட்டினால் வெயிலும் மழையும் அதைத் தொடாது. விதையைக் காக்கிற வைக்கோல் குளிரைக் காக்காதா? அறுப்பு மெஷின் உருட்டிப் போட்ட வைக்கோல் கட்டு மூன்று வாங்கிப் பிரி திரித்தேன். ஒரு நாள் முழுக்க வீட்டுக்கு அடியில் மல்லாந்து கிடந்து, தகரக் குழாய்க்குக் கோட்டை கட்டினேன்.

அந்த நாளை மட்டும் இன்னும் திருப்பிக் கேட்பேன். என் முதுகுக்குக் கீழே இருந்தது எங்கள் பழைய கூடத்துத் தரை. பீரோ நின்ற இடத்தில் நாலு பள்ளம், சமையலறை ஓரத்தில் எண்ணெய்க் கறை, எல்லாம் அப்படியே. மூக்குக்கு இரண்டடி மேலே புதுத் தளம். அதன் மேல் அவள் நடக்கிற மெட்டிச் சத்தம். ஓட்டைகள் வழியே வெளிச்சம் ஒரு முழ நீளத்துக்கு வந்து, தூசியில் மிதந்து, என்னவோ யோசித்து நின்றுவிடும். ஒரு வீட்டை முடித்துவிட்டு இன்னொரு வீட்டைத் தொடங்காமல் நடுவில் படுத்திருக்கிற மாதிரி இருந்தது. வைக்கோல் வாசனையில் நேரம் போவது தெரியவில்லை. டீச்சர் மேலிருந்து சாப்பிடக் கூப்பிட்டது ஏதோ அடுத்த ஊரிலிருந்து கேட்டது.

இரண்டு நாள் அறை உண்மையாகவே குளிர்ந்தது. ஒரு மத்தியானம் அவள் ஒரு மணி நேரம் கண் அசந்தாள். நான் வாசலில் நின்று ஹாரன் அடித்த மீன்காரரைக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினேன். பெட்டியைப் பரணில் ஏற்றிவிடலாமா என்றுகூடக் கேட்டேன். இருக்கட்டும் என்றாள்.

மூன்றாம் நாள் இரும்புக் கதவைத் திறந்து என் கோட்டையின் அழகைப் பார்க்கக் குனிந்தேன். பழைய தரையில் தண்ணீர்.

கொஞ்சம் இல்லை. பீரோவின் நாலு பள்ளமும் நிரம்பியிருந்தன. ஒரு வினாடியில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது: வீட்டைத் தூக்கியபோது பூமி அசைந்திருக்கிறது, ஊற்றுக்கண் திறந்திருக்கிறது, மேலே கான்கிரீட்டின் கனம் அமுக்க வீடு இறங்கிக்கொண்டிருக்கிறது. ஜாக்கிக்காரரைப் போனில் கூப்பிட்டேன். நூறு வருஷம் நிற்கும் சார் என்றார். நூறு வருஷம் என்று அவ்வளவு சீக்கிரம் ஒருவர் சொன்னதே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

டீச்சரிடம் மூச்சு விடவில்லை. தூங்காத மனுஷியிடம் வீடு மூழ்குகிறது என்று எப்படிச் சொல்வது? தினமும் காலையில் கூடத்து நடுவில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்துப் பார்த்தேன். தினமும் அது சமையலறையைப் பார்த்து உருண்டது. கழுவிவிட்ட தண்ணீர் ஓடுவதற்காகத் தரைக்கு வாட்டம் வைக்கச் சொன்னதே நான்தான் என்பது அந்தப் பதினோரு நாளில் ஒருமுறைகூட நினைவுக்கு வரவில்லை. உருண்டு வந்த பழத்தை அவள் எடுத்து வைப்பாள். மூன்றாவது எலுமிச்சம்பழச் சாதத்தன்று, புதுசாக எதுவும் வேண்டுதலா என்று கேட்டாள். கனத்தைக் குறைக்கப் பீரோவைத் திண்டாடித் திண்டாடி வெளி வராந்தாவுக்கு நகர்த்தினேன். இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்வதை நிறுத்தினேன். அவளை மெல்ல நடக்கச் சொன்னேன், முறைத்தாள். அறை மறுபடியும் வெந்தது. வைக்கோல் நனைந்ததும் அதன் வேலை போய்விட்டது என்பதை நான் கவனிக்கவே இல்லை. நான் ஆற்றைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

பதினோராம் நாள் மத்தியானம், எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளக்க ஸ்கேலோடு உள்ளே தவழ்ந்தேன். தலையைத் தூக்கியதும் அப்படியே நின்றுவிட்டேன். குழாய் முழுக்க நாற்று.

மெஷின் அறுத்த வைக்கோலில் நெல்மணி தங்கும். ஊருக்கெல்லாம் விதை விற்கிறவனுக்கு அது ஞாபகம் இருந்திருக்க வேண்டும். மெழுகிய மண் வெடித்த இடங்களிலெல்லாம் வெளிறிய முளைகள், இருட்டில் வெயிலையே பார்க்காத மஞ்சள் வெள்ளையில், விரல் நீளத்துக்கு. எல்லாமே ஓட்டை வெளிச்சத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்தன. நுனிதோறும் ஒரு சொட்டு. அந்தப் பயத்திலும் முளைப்புத்திறன் நன்றாக இருக்கிறதே என்று மனசு கணக்குப் போட்டது. குழாயின் வயிற்றிலிருந்து குளிர்ந்த காற்று கசிந்து வந்து முகத்தில் பட்டது. வெளியே கத்திரி. மேலே அறை கொதிக்கிறது. இங்கே ஆடி மாதம் மாதிரி இருந்தது. மூழ்கப்போகிற வீட்டுக்கு அடியில், தலைகீழாகத் தொங்குகிற நாற்றங்காலுக்குக் கீழே, ஸ்கேலை நெஞ்சில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனேன்.

எவ்வளவு நேரமோ. தகரத்துக்குள்ளிருந்து ஒரு குரல் என்னைக் கூப்பிட்டது. ஆழமான, எதிரொலிக்கிற குரல். "என்னங்க, இருக்கீங்களா?" என்றது. வீடுதான் பேசுகிறது, இறங்குவதற்கு முன்னால் உத்தரவு கேட்கிறது என்று அரைத்தூக்கத்தில் தோன்றியது. கையைக் கூப்பிக்கொண்டு பதில் சொன்னேன்:

"எறங்கறதுன்னா டீச்சர் ஓசூருக்குப் போனப்புறம் எறங்கு. அவ தூங்கியே ஒரு வருஷமாச்சு. அவளோட எறங்காத."

பிறகு தகரம் கேட்டது: "யாருங்க எறங்கறது?"

மேலே அவள், படுக்கையறைச் சல்லடையில் வாயை வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். என் குறட்டை தரை வழியாக வந்ததாம். மெஷின்தான் கெட்டுவிட்டது என்று முதலில் நினைத்தாளாம். வெளியே வந்து முழங்கால் மண்ணோடு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. பதினோரு எலுமிச்சம்பழமும் இதற்குத்தானா என்று மட்டும் கேட்டுவிட்டு, போனை எடுத்தாள்.

அவளோடு வேலை பார்க்கிற இன்னொரு டீச்சரின் கணவர் கூத்தாநல்லூர்க்காரர். இருபது வருஷம் குவைத்தில் இதே ஏ.சி. குழாய் வேலை பார்த்துத் திரும்பியவர். நாங்கள் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவோம். பாய் மறுநாள் காலையில் வந்து சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே தவழ்ந்தார். வெளியே வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். தூசி இல்லை, சிரிப்பு.

"இருபது வருஷமா டக்ட் பாக்கறேன் அண்ணே," என்றார். "நாத்து விட்ட டக்டை இன்னைக்குத்தான் பாக்கறேன்."

தண்ணீர் எங்கிருந்து பாய் என்றேன். அவர் வாயைத் திறப்பதற்குள் டீச்சர் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மோரை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்தாள். அவருக்கு ஒன்று கொடுத்துவிட்டு, இன்னொன்றை என் மூக்குக்கு எதிரே பிடித்தாள். டம்ளருக்கு வெளியே பொட்டுப் பொட்டாகத் தண்ணீர் அரும்பி, ஒன்றோடொன்று சேர்ந்து, வழிந்து, அவள் விரலில் சொட்டியது.

"இது எந்த ஆத்துத் தண்ணிங்க?" என்றாள். "அஞ்சாங்கிளாஸ் புள்ளைங்க சொல்லிடும்."

மோரைக் குடித்தேன். வேறு என்ன செய்ய? பாய் மட்டும் கொஞ்சம் இரக்கம் காட்டினார். வைக்கோல் மோசமில்லை, ஆனால் அதற்குள் காற்றுப் போகும். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். குளிர்ந்த தகரத்தில் பட்டதும் அது வேர்த்துவிடும் என்றார். அதைவிடப் பெரிய தப்பு தகரத் துண்டுகள் சேருகிற மூட்டுகளில் என்று சொல்லிவிட்டு, என் தோளில் தட்டினார்:

"உங்க குறட்டை மேல போவுதுன்னா, மேல போவ வேண்டிய குளிரு கீழ வருதுன்னு அர்த்தம் அண்ணே. அறைக்கு ஏ.சி. போட்டதா நெனச்சு நீங்க அடித்தரைக்குப் போட்டிருக்கீங்க."

இரண்டு நாள் வேலை. கோட்டையை அவிழ்த்தோம். நாற்றோடு வைக்கோலை வெளியே இழுத்துப் போட்டதும் அடுத்த வீட்டு மாடு வந்து, என் விஞ்ஞானத்தை நின்ற இடத்திலேயே தின்று முடித்தது. மூட்டுக்கு மூட்டு பாய் பசை தடவி அடைத்தார். நான் விளக்குப் பிடித்தேன். பிறகு இரண்டு விரல் கனத்தில், வெளிப்பக்கம் வெள்ளித்தாள் ஒட்டிய ஃபோம் ஷீட்டை ஓர் இடுக்கு விடாமல் சுற்றி, சேர்கிற இடமெல்லாம் வெள்ளி டேப் ஒட்டினோம். இருட்டில் குழாய் கல்யாணத்துக்குக் கிளம்பியது போல மினுங்கியது.

அன்று மத்தியானம் மெஷினைப் போட்டோம். கொஞ்ச நேரத்தில் அது தானாக நின்றது. பயந்து எழுந்தேன். அறை குளிர்ந்துவிட்டது, அதனால் ஓய்வு எடுக்கிறது என்றார் பாய். புடவைக்கடையை விட்டு வந்ததிலிருந்து அது ஓய்வு எடுத்தது அன்றுதான்.

வீடு ஒரு நூல்கூட இறங்கவில்லை. தகரம் வேர்த்தது, மூட்டு ஒழுகியது, அவ்வளவுதான். டீச்சர் ஒன்றரை மணிக்குப் போர்வை கேட்டு வாங்கிப் படுத்தாள். நாலே முக்காலுக்கு எழுந்தாள். கண்ணைத் திறந்ததும், பெட்டியைப் பரணில் ஏற்றிவிடச் சொன்னாள். ஏற்றினேன்.