பெருசா எதையும் தொடலை

அந்த லேப்டாப்பைக் கடையில் எடுத்துக் காட்டிய அன்றே அவளுக்குப் பிடிக்கவில்லை.

"வீட்ல உக்காந்து டைப் அடிக்கத்தானே மேடம்? உங்களுக்கு இது போதும்," என்றான் கடைக்காரன்.

"ஆமா, உனக்கு இது போதும்," என்று கூட நின்ற கணவரும் ஒத்து ஊதினார்.

டைப் அடிக்கப் போகிறவள் அவள். அவளிடம் மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அந்தப் 'போதும்' ஏழு வருடமாக அவள் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

விபத்தில் அடிபட்டவர்கள் காப்பீட்டு அலுவலகத்தில் சொல்லும் வாக்குமூலங்களை ஒலிப்பதிவில் கேட்டு, எழுத்தாக்கி அனுப்புவது அவள் தொழில். பதிவு வந்தால் வேலை, வராவிட்டால் சும்மா. அலுவலகத்தில் அவளுக்கு 'மின்னல்' என்று பட்டப்பெயர். அவ்வளவு வேகம்.

மின்னல் கையில் இருந்த இயந்திரமோ ஆமை. பொத்தானை அமுக்கிவிட்டுப் போய் ஒரு தொட்டி நிறையப் பாத்திரத்தையும் கழுவி முடித்தால்தான் திரையில் வெளிச்சம் வரும். நேராக உட்கார்ந்தால் எழுத்து தெரியும். கொஞ்சம் சாய்ந்தால் எல்லாம் கறுப்பு. விரலால் தடவும் பட்டை இரண்டாம் வருடமே செத்துப்போனதால், இருந்த ஒரே துளையை மவுஸ் பிடித்துக்கொண்டது. பென்டிரைவ் சொருக மவுஸைப் பிடுங்க வேண்டும். மவுஸைப் பிடுங்கினால் எதையும் நகர்த்த முடியாது. அதில் இருப்பதற்கெல்லாம் ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கக் கூடாதா என்று கேட்கும் மேதாவிகள் அந்த லேப்டாப்போடு ஒரே ஒரு வாரம் குடும்பம் நடத்திப் பார்க்கட்டும்.

எல்லாவற்றிலும் கொடுமை 'ட' விசை. ஓங்கிக் குத்தினால்தான் விழும். வண்டி, ஓட்டுநர், அடி, கட்டு... விபத்து வாக்குமூலத்தில் 'ட' இல்லாமல் ஒரு வரி நகருமா? அதனால் அவள் சுருக்கச் சொற்கள் வைத்துக்கொண்டாள். 'வவ' என்று தட்டினால் 'வண்டி' என்று தானாக விரியும். 'எதி' என்றால் 'எதிரே வந்த வண்டி கட்டுப்பாட்டை இழந்து' முழுசாக வந்து நிற்கும். ஒவ்வொன்றாகச் சேர்த்துச் சேர்த்து ஆயிரத்து நானூறு ஆகிவிட்டது. மின்னலின் வேகம் முழுக்க அந்தப் பட்டியலில்தான் இருந்தது. லேப்டாப்பில் ஒரு புகைப்படம் அடைக்கும் இடம்கூட அதற்குத் தேவையில்லை.

இந்த நேரத்தில்தான் நிரந்தர வேலைக்குத் தேர்வு வைத்தார்கள். மூன்று பதிவுகள், ஒரு மணி நேரம், அவரவர் வீட்டில், அவரவர் லேப்டாப்பில், கேமரா முன்னால். தேறினால் மாதச் சம்பளம். அதைவிட முக்கியமாக, அலுவலகமே புது லேப்டாப் கொடுக்கும். அதை நினைத்தாலே அவளுக்கு வாயெல்லாம் பல்.

தேர்வு காலை பத்து மணிக்கு. ஒன்பதரைக்குப் பொத்தானை அமுக்கினாள், ஒன்பதே முக்காலுக்குத் திரை வந்தது. 'வவ' என்று தட்டினாள். 'வவ' என்றே நின்றது. 'எதி' என்றாள். அதுவும் அப்படியே. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"ஏங்க, இதுல யாரு கை வெச்சது?"

"நான்தான்," என்று பெருமையாக வந்தார் கணவர். கிடங்குப் பொறுப்பாளர் அவர். "இன்னிக்கு டெஸ்ட் ஆச்சே, மெஷின் திணறக் கூடாதுன்னு விடியக்காலைலயே எந்திரிச்சுச் சுத்தம் பண்ணிட்டேன். அதுல இருக்கற குப்பைத்தொட்டியையும் காலி பண்ணியாச்சு."

"என்னத்த அழிச்சீங்க?"

"பெருசா எதையும் தொடலை. எல்லாம் சின்னச் சின்னதா கெடந்ததுதான். எங்க கிடங்குலயே பாரு, மூட்டை அடுக்குனா அடங்கிடும். இந்தச் சில்லறைச் சாமான்தான் இடத்த அடைக்கும்."

"எவ்வளவு இடம் கெடச்சுது?"

அவர் குனிந்து பார்த்தார். தலையைச் சொறிந்தார். "ஒண்ணும் கூடலையே..."

"இதுல நீங்க ஏத்தி வெச்ச சினிமா நாப்பத்திரெண்டும் பத்திரமா இருக்கா?"

"அது வேற," என்றார் அவர்.

அந்தப் பட்டியல் ஏழு வருட உழைப்பு. அவர் கண்ணுக்கு அது சில்லறைச் சாமான். கத்தியிருப்பாள், ஆனால் மணி பத்தாக ஐந்து நிமிடம்தான் இருந்தது.

முதல் பதிவில் ஒரு லாரி ஓட்டுநர் பேசினார். மனிதர் வாயைத் திறந்தாலே 'ட'. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு குத்தினாள்.

"அங்க என்ன மேடம் சத்தம்? யாராவது ஆணி அடிக்கிறாங்களா?" என்று கேட்டார் திரையில் இருந்த தேர்வு அதிகாரி.

"நான்தான் சார் டைப் அடிக்கிறேன்."

இரண்டாவது பதிவில் பாதி போகையில், இடம் போதவில்லை என்று திரையில் ஓர் அறிவிப்பு வந்து, எழுத்து மேலே ஏறாமல் நின்றது. அவள் யாரையும் கேட்கவில்லை. நாற்பத்திரண்டு படங்களையும் வரிசையாகத் தேர்ந்தெடுத்து அடியோடு அழித்தாள். அறை வாசலில் நின்ற கணவர், "ஏய், ஏய்," என்றார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மணி பதினொன்று ஆனபோது மூன்றாவது பதிவு பாதியில் நின்றது.

"உங்க வேலைய ஏழு வருஷமா பாக்கறேன் மேடம். நீங்க தேறிடுவீங்கன்னுதான் நெனச்சேன்," என்றார் அதிகாரி. அவர் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. "மெஷின் சரியில்லையோ?"

"ஆமா சார்."

"வேலைல சேந்துட்டா நாங்களே நல்லதா ஒண்ணு குடுத்துடுவோம். ஆறு மாசம் கழிச்சு மறுபடி டெஸ்ட் வரும், பாருங்க."

திரை அணைந்தது. நல்ல இயந்திரம் வேண்டுமென்றால் தேற வேண்டும். தேற வேண்டுமென்றால் நல்ல இயந்திரம் வேண்டும். எந்தப் புண்ணியவான் யோசித்துப் பிடித்த ஏற்பாடோ! அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

"சரி விடு," என்றார் கணவர். "அடுத்த தடவை பாத்துக்கலாம்."

அவள் எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள். "உக்காருங்க."

"எதுக்கு?"

"ஆயிரத்து நானூறும் என் விரல்ல இருக்கு. நான் சொல்லச் சொல்ல நீங்க அடிங்க. மொதல்ல 'வவ'. அதுக்கு நேரா 'வண்டி'."

அவர் சங்கடமாகச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். ஒரு விரலால் தேடித் தேடி அமுக்கினார். பாதியில் நின்றார். "இந்த எழுத்து விழ மாட்டேங்குதே."

"ஓங்கிக் குத்துங்க."

குத்தினார். விழவில்லை. மறுபடி குத்தினார். நான்காம் குத்தில் விழுந்தது. விரலை உதறிக்கொண்டே திரும்பி, "இன்னிக்கு இது போதுமே," என்றார்.

"போதாது," என்றாள் அவள். "அடுத்து, ஓட்டுநர்."