ட்ரிப்ஸைத் திறந்துவிட்ட மகள்

என் மகளுக்கு எம்.எஸ். என்று ஒரு நரம்பு வியாதி. நரம்பின் மேலிருக்கிற உறையை உடம்பே அரித்துவிடுமாம். போன வருஷம் சம்பா நாற்று விட்டிருந்த சமயம், இடது கால் மரத்து வரப்பில் விழுந்துவிட்டாள். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தினம் ஒரு பாட்டில் ஸ்டீராய்டு ஏற்றினார்கள். அங்கே காப்பி அருமையாக இருக்கும். அது கிடக்கட்டும்.

மருந்து மெதுவாக இறங்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். மகளுக்கோ வயல் ஞாபகம். நீடாமங்கலத்துப் பக்கம் எங்கள் வயலுக்கு மறுநாள் தண்ணீர் முறை. அதைத் தவறவிட்டால் நாற்றங்கால் காய்ந்துபோகும். பாட்டிலை முடித்துவிட்டு ஊருக்குப் போய் வந்துவிடலாம் என்று, குழாயிலிருந்த குட்டிச் சக்கரத்தைத் தள்ளிவிட்டாள். மடை திறந்து பழகிய கை. மருந்து ஓடுவதைப் பார்க்க எனக்கும் நன்றாகத்தான் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் நெஞ்சு படபடக்கிறது என்றாள். நர்ஸ் ஓடிவந்து சக்கரத்தை மூடினாள். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, நாடியைக் கோடாகக் காட்டும் பெட்டியில் மாட்டினார்கள். சாயங்காலம் பார்த்தால் தலைகீழ். நாடி மிக மெதுவாகிவிட்டது. இந்த மருந்து இதயத்தை விரட்டவும் செய்யும், தூங்க வைக்கவும் செய்யும் என்றார் டாக்டரம்மா. பெரும்பாலும் தானே சரியாகிவிடுமாம். சரியானால்தான் அடுத்த பாட்டில். மருந்து பாதியில் நின்றால் கால் தேறுவதற்கு உறுதியில்லை என்றும் சொன்னார்.

மறுநாள் காலையிலும் நாடி ஏறவில்லை. மகள் படுத்தபடியே பக்கத்து வயல்காரருக்குப் போன் போட்டாள். வாய்க்கால் தகராறில் ஒரு வருஷமாகப் பேச்சில்லாத மனுஷன்.

"அண்ணே, இன்னைக்கு எங்க முறையை நீங்க எடுத்துக்கங்க. நாத்தங்காலுக்கு மட்டும் கொஞ்சம் விட்டுடுங்க."

"என்னைத் தண்ணித் திருடன்னு சொன்னவதானே நீ?"

"இப்பவும் அதேதான் சொல்றேன். வேற யாருக்குத் தண்ணி விடுற சூட்சுமம் தெரியும்?"

அவர் சிரித்தது எனக்கே கேட்டது. விட்டுவிடுவதாகச் சொன்னார். பெட்டியில் பச்சைக் கோடு நெருங்கி நெருங்கி ஓட ஆரம்பித்தது. பேச்சு முடிந்தும் நாடி பழையபடி இறங்கவில்லை. மத்தியானம் டாக்டரம்மா வந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, அடுத்த பாட்டிலை மாட்டச் சொன்னார். சக்கரம் மகள் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும் என்றார்.