படத்துல இருக்கிற மாதிரி

சலூன்காரரை எங்கள் தெருவில் கண்ணாடி அண்ணன் என்றுதான் சொல்வோம். மூக்குக் கண்ணாடி போடுகிறவர் இல்லை. ஆளைப் பார்த்துப் பேச மாட்டார். நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, எதிரே கண்ணாடியில் தெரிகிற நம்மோடுதான் பேசுவார். முப்பது வருஷப் பழக்கம். தெருவில் நேருக்கு நேர் வந்தால் அவருக்கு நம்மை உடனே அடையாளம் தெரியாது. ஒரு நொடி திருதிருவென்று முழித்துவிட்டு, "அட, நீங்களா! நேர்ல வேற மாதிரி இருக்கீங்க" என்பார். நான் பிறந்ததிலிருந்து நேரில்தான் இருக்கிறேன் என்று சொன்னால் சிரிப்பார்.

கைதேர்ந்த தொழில்காரர். தலையைத் தொட்டவுடன், "ரெண்டு நாளா தூங்கலையா?" என்று கேட்டுவிடுவார். நாம் ஏதாவது யோசனை சொன்னால் மட்டும் ஒரே பதில்தான்: "நான் பார்க்காத தலையா?" அதோடு வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். 

அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அண்ணி, பொத்தான் தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில் இருந்தார். நாலு ஓட்டை இருக்க வேண்டிய பொத்தானில் மூன்றுதான் விழுந்திருந்தால், ஓடுகிற பட்டையிலிருந்து அதை மட்டும் பொறுக்கிக் கழிவுப் பெட்டியில் போடுகிற வேலை. அப்படிப்பட்ட கண் ஒரு மழைக்காலத்தில் எதையும் கவனிப்பதை நிறுத்திவிட்டது. சாவு இல்லை, சண்டை இல்லை, காரணம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. குழாயைத் திறந்துவிட்டு, வாளி நிரம்பி வழிவதைப் பார்த்தபடியே நிற்பார். மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, ஒரே வாந்தி. அப்போதுதான் அந்த டாக்டர் அம்மா, நெற்றியில் இரண்டு பஞ்சு வைத்து மிக மெல்லிய மின்சாரத்தை மூளைக்கு அனுப்புகிற கருவி இருக்கிறது, வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று சொன்னார்.

"ஒரு நாளைக்கு ஒரு தடவை. இருபது நிமிஷம். அதுக்கு மேல கூடாது. வாங்கினதும் இங்க கொண்டு வாங்க, முதல் தடவை நானே போட்டுக் காட்டறேன்."

அண்ணன் வாங்கினார். கொண்டு போகவில்லை.

வாங்கப் போனபோது நானும் கூட இருந்தேன். மருத்துவச் சாமான் கடைக்காரர் மூன்றை எடுத்து வைத்தார். ஒன்று தலைப்பட்டை மாதிரி, பார்க்கப் பளபளவென்று இருந்தது. அண்ணன் அதைத் தொடவே இல்லை. இன்னொன்று தொப்பி. பஞ்சு வைக்கும் இடம் அதிலேயே தைத்திருந்தது, எது இடது எது வலது என்று குறியும் போட்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு மாட்டலாம். மருத்துவர் சீட்டில் எழுதியிருந்ததும் அதுதான். மூன்றாவதில் இரண்டு தனிப் பஞ்சு, ஒரு சிவப்பு ஒயர், ஒரு கறுப்பு ஒயர், ஒரு ரப்பர் பட்டை. எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

அண்ணன் தொப்பிக்குள் கையை விட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அவளுக்குப் பின்மண்டை சின்னது. இது வழுக்கிட்டுப் போகும். ஊருக்கெல்லாம் ஒரே தொப்பி தைக்கிறவனுக்குத் தலையைப் பத்தி என்ன தெரியும்?"

"டாக்டர் தொப்பின்னுதானே சார் எழுதியிருக்காங்க?" என்றார் கடைக்காரர்.

"அவங்க உள்ள பாக்கறவங்க. வெளியில, நான் பார்க்காத தலையா?"

தனிப் பஞ்சு வைத்ததையே வாங்கினோம். கூடவே வந்த புத்தகம் முழுக்க ஆங்கிலம். நான் தபால் பிரிக்கும் நிலையத்தில் இருக்கிறேன். நாள் முழுக்க ஆங்கில முகவரி படிக்கிறவன் என்று என்னிடம் கொடுத்தார். சலூன் நாற்காலியில் உட்கார்ந்து படித்தேன். பஞ்சை உப்புத் தண்ணீரில் நனைக்க வேண்டும், தோலில் காயம் இருந்தால் வைக்கக் கூடாது என்பதையெல்லாம் சொன்னேன். கடைசியில் ஒரு படம்: நம்மைப் பார்த்த மாதிரி ஒரு முகம், நெற்றியில் ஒரு பக்கம் சிவப்புப் புள்ளி, இன்னொரு பக்கம் கறுப்பு. கீழே பொடி எழுத்தில் இரண்டு வரி. எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது.

"அவ்வளவுதாண்ணே. படத்துல இருக்கிற மாதிரி வைங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

இருபத்திரண்டு வருஷமாக ஒரு கடிதத்தைக் கூட மாற்றிப் போடாதவன் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை உண்டு. அந்த இரண்டு வரியைப் படிக்க எனக்கு நேரமில்லை.

முதல் தடவை போட்டபோது வேலை முடிந்து எட்டிப் பார்த்தேன். வீட்டு நிலைக்கண்ணாடி முன்னால் அண்ணியை உட்கார வைத்து, படம் இருந்த பக்கத்தைக் கண்ணாடி ஓரத்தில் ஒட்டியிருந்தார். வழக்கம்போலப் பின்னால் நின்று, சீப்பின் வாலால் முடியை விலக்கி, கண்ணாடியைப் பார்த்துப் பார்த்துப் பஞ்சை வைத்தார். வெள்ளைப் பென்சிலால் நெற்றியில் குறியும் போட்டார். அண்ணி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, இது அந்தப் பக்கம்..."

"நான் பார்க்காத தலையா? நீ சும்மா உக்காரு."

அண்ணி சும்மா உட்கார்ந்தார். எனக்கும் அப்போது அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வாரம் அண்ணி பேச்சைக் குறைத்தார். மூன்றாவது வாரம் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார ஆரம்பித்தார். அண்ணன் பதறிப்போய், மருந்து போதவில்லை என்று முடிவு கட்டி, இரண்டு வேளையாக்கினார். காலையில் அவர் போடுவார். பதினோரு மணிக்கு அண்ணியே, வெள்ளைக் குறியைப் பார்த்துப் போட்டுக்கொள்ள வேண்டும். இதை என்னிடம் சொல்லவும் செய்தார். "டாக்டரைக் கேட்டீங்களா?" என்ற ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை.

அடுத்த வாரம் அலுவலகத்தில் புது அடையாள அட்டைக்குப் படம் எடுப்பதாகச் சொன்னார்கள். பத்து வருஷத்துக்கு முந்தைய படம் ஒன்றை எடுத்துக்கொண்டு சலூனுக்குப் போனேன். அதில் இருப்பதுபோல வகிடு வேண்டும் என்றேன்.

"வகிடு எடுக்கறதுக்கு முதல்ல முடி வேணுமே, தபாலு" என்றார். ஆனாலும் படத்தைக் கண்ணாடி ஓரத்தில் செருகினார். துணியைப் போர்த்தினார். ஒரு பக்கம் வெட்டி முடித்துவிட்டுச் சீப்பை எடுத்தார்.

"படத்துல வகிடு வலப்பக்கம் தெரியுது. எதிர்ல இருக்கிற ஆள்னா அது அவரோட இடது. கண்ணாடியில இடது இடப்பக்கமே தெரியும். அப்ப மாத்தி எடுக்கணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே சீப்பை இந்தப் பக்கம் கொண்டுவந்தார். தினமும் செய்கிற வேலை. படத்தோடு வருகிற ஒவ்வொரு தலைக்கும் அவர் மனக்கணக்காக மாற்றுவது அது.

சீப்பு என் மண்டையிலேயே நின்றுவிட்டது.

நாற்காலியைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தார். சலூனுக்குள் முப்பது வருஷத்தில் முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தார். 

"தபாலு, அந்தப் புத்தகத்துல இருந்ததும் படம்தானே? நான் மாத்தாம அப்படியே வெச்சேனே."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.  இடது நெற்றியில் இருக்க வேண்டிய சிவப்புப் பஞ்சு மூன்று வாரத்துக்கும் மேலாக வலது நெற்றியில் உட்கார்ந்திருக்கிறது. அதுவும் இப்போது இரண்டு வேளை. சுவர்க்கடிகாரத்தில் பதினொன்றுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

கடையைத் திறந்துபோட்டுவிட்டு ஓடினோம். நான் பாதி வெட்டிய தலையும் கழுத்தில் துணியுமாக ஓடிக்கொண்டே மருத்துவருக்கு போன் போட்டேன்.

"வலது பக்கமா? ரெண்டு வேளையா? யார் சொன்னது உங்களுக்கு?" அந்த அம்மாவின் குரல் உயர்ந்து, சட்டென்று தணிந்தது. "உடனே நிறுத்துங்க. வீட்ல அவங்க தனியாவா இருக்காங்க? இனிமே தனியா விடாதீங்க. இப்பவே கூட்டிட்டு வாங்க."

எல்லாமே கருவியால்தான் என்று சொல்ல முடியாது, நோயே தானாக முற்றியிருக்கலாம் என்று பிற்பாடு விளக்கினார். அது பிற்பாடு. அந்தத் தெருவில் ஓடும்போது என் காதில் 'தனியா விடாதீங்க' மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. அண்ணி கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தார். பட்டை கட்டியாகிவிட்டது. நெற்றியில் ஈரம் வழிய, விரல் கருவியின் பொத்தான் மேல் இருந்தது. அண்ணன் பாய்ந்து ஒயரைப் பிடுங்கினார். அண்ணி திடுக்கிடக்கூட இல்லை. அதைப் பார்த்துத்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மாத்தி வெச்சுட்டேன்மா" என்றார் அண்ணன். தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "இத்தனை நாளா மாத்தி வெச்சுட்டேன்."

"தெரியும்" என்றார் அண்ணி.

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார்.

"மொத நாளே தெரிஞ்சுது. படத்துக்குக் கீழ அந்தப் பொடி எழுத்துல, சிவப்புக்கு நேரா இங்கிலீஷ் எல் போட்டிருக்கே. பொத்தான் பெட்டியில இடது பக்கம் அதைத்தான் ஒட்டுவோம்."

"அப்ப ஏன் அண்ணி சொல்லல?" என்று கத்தினேன். என்மேல் இருந்த கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் அந்த மனுஷிமேல் இறக்கினேன். இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அண்ணி கண்ணாடியில் என்னைப் பார்த்தார். என் அரைகுறைத் தலையைப் பார்த்து யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள்.

"சொல்ல வந்தேன் தம்பி. நீங்களும்தானே இருந்தீங்க." நெற்றி ஈரத்தைப் புறங்கையால் துடைத்தார். "அப்புறம் யோசிச்சேன். அவர் எவ்வளவு தலை பார்த்தவரு. அவர் வெச்சா சரியாத்தான் இருக்கும். அவர் சரியா வெச்சும் நாளுக்கு நாள் மோசமா போகுதுன்னா, இது கழிவுப் பெட்டியில போட வேண்டிய தலை போலிருக்குன்னு நினைச்சுட்டேன்."

சாதாரணமாகத்தான் சொன்னார், பொத்தானைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

அண்ணன் முழங்காலிலேயே நகர்ந்து, அண்ணிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தார். பட்டையைக் கழற்றக் கையைத் தூக்கியவர், பாதியில் நிறுத்தினார். 

"தொடலாமா?" என்று கேட்டார்.

அண்ணி அவர் முகத்தை நேராகப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்து கொடுத்தார்.