நைட்டியைத் தரையில் விரிக்கவும்

ஆன்லைன் கடையில் துணியை விற்பது ஆளல்ல, அந்தத் துணிக்கான பக்கம்; பக்கம் சொல்லாமல் விட்டதையெல்லாம் ஜனங்கள் போன் போட்டுக் கேட்பார்கள். மனிதர்களிடம் பேசப் பயந்து கம்ப்யூட்டர் படித்த சக கூச்சக்காரர்களே, ராசிபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையின் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு; அந்தப் போன் என் மேஜைமேல் இருந்தது. போதாததற்கு, வேலைக்குச் சேர்ந்த வாரமே எங்கள் முதலாளி தெளிவாகச் சொல்லிவிட்டார்: "தீபாவளிக்குள்ள ஆர்டர் ஏறோணும். இல்லீனா வெப்சைட்டை மூடிட்டு, நீ கீழ கடைக்கு வந்து சேலை விரிச்சுப் போடு சாமி."

மாலை

எங்கள் வெப்சைட்டில் எந்தச் சேலையைத் தொட்டாலும் முதலில் வருவது சேலையல்ல. பிள்ளையார் வருவார். அடுத்து, கடைத் திறப்பு விழாவில் கழுத்து நிறைய மாலையோடு முதலாளி வருவார். விரல் தேயத் தள்ளினால்தான் சேலையும் வாங்குகிற பட்டனும். "உங்கள் படத்தை நீக்கிவிடலாமா?" என்று கேட்க எத்தனையோ முறை எழுந்து, தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

கடைசியில் ஒருநாள் சாயங்காலம் அவரே அதை நீக்கச் சொன்னார். பெருமை எனக்கல்ல, மல்லசமுத்திரத்து அம்மா ஒருவருக்கு. முதலாளி பக்கத்தில் நிற்கும்போது போன் ஸ்பீக்கரில் அந்த அம்மா கேட்டது இதுதான்: "ஏனுங்க, சேலையை மறைச்சுட்டு மாலையோட ஒருத்தர் நிக்கறாரே, பாவம், அவரு எப்பங்க தவறுனாரு?"

அளவு

எங்கள் அளவு அட்டவணை யாரோ எந்த நாட்டுக்கோ போட்டது. அதைப் படித்தவர்கள் யாரும் இல்லை. "எங்கக்கா மாதிரி இருப்பனுங்க, சதை மட்டும் கொஞ்சம் கம்மி" என்பார்கள். அந்த அக்காவை நான் எங்கே போய்ப் பார்ப்பேன்?

அட்டவணையைத் தூக்கிவிட்டு, படம் வரைந்து இப்படி எழுதினேன்: 'உங்களுக்குச் சரியாக இருக்கும் நைட்டி ஒன்றைத் தரையில் விரித்து, இந்தக் கையிடுக்கிலிருந்து அந்தக் கையிடுக்கு வரை அளக்கவும்.' அளவு சரியில்லை என்று திரும்பி வருகிற பார்சல்கள் குறைந்தன. என் மூளையை நானே மெச்சிக்கொண்டிருந்தபோது, மனைவிக்குத் தெரியாமல் நைட்டி வாங்கித் தர ஆசைப்பட்ட லாரி டிரைவர் ஒருவர் கூப்பிட்டார். "நான் லாரியோட நாக்பூர்ல நிக்கறனுங்க. நைட்டி ஊட்டுல இருக்குது, ஊட்டுக்காரி நைட்டிக்குள்ள இருக்கறா. நான் எதைங்க தரையில விரிக்கறது?"

கை

பெண்கள் குரலைத் தாழ்த்திக் கேட்பது ஒரே கேள்வி: துணி மெல்லிசா, உள்ளே தெரியுமா? 'நல்ல தரம்' என்று எழுதினால் யார் நம்புவார்கள்? மொட்டை மாடி வெயிலில் ஒவ்வொரு சேலைக்கும் பின்னால் என் கையை வைத்துப் படம் எடுத்தேன். கை தெரிந்தால் மெல்லிசு, தெரியாவிட்டால் கெட்டி. அந்தக் கேள்வி அதோடு நின்றது.

என் முகத்தை போட்டோவில் காட்டவே கூசுகிறவள் நான். ஆனாலும் அந்தப் படங்களைப் போட்ட அன்று மனசுக்குள் கொஞ்சம் கர்வம் இருந்தது. மேச்சேரிப் பெண் ஒருத்தி போன் செய்யும் வரை இருந்தது. "சேலை கெடக்குதுங்க. அதுக்குப் பின்னால தெரியற கையில போட்டிருக்கற வளையல் என்ன ரேட்டுங்க?"

சத்தம்

தீபாவளிக்கு முந்தின வாரம், கேட்க வேண்டியதையெல்லாம் வெப்சைட் பக்கமே சொல்லிவிட்டது. ஆர்டர்கள் வரிசையாக விழுந்தன. பார்சல் கட்டக் கீழே கடையிலிருந்து ஆள் வரவேண்டியிருந்தது. போன் மட்டும் செத்துக் கிடந்தது. பிழைத்தேன், இனி யாரிடமும் பேச வேண்டாம் என்று நாற்காலியில் சாய்ந்தேன்.

முதலாளி மேலே வந்தார். ஆர்டர்களைப் பார்த்தார், தலையாட்டினார். பிறகு போனை எடுத்துக் காதில் வைத்து, உயிர் இருக்கிறதா என்று பார்த்தார். முகம் தெளியவில்லை. "வெப்சைட்டை மூட வேண்டாம் சாமி, நல்லாப் பண்ணீட்ட. ஆனா இப்படிச் சத்தமே இல்லாம இருந்தா ஏவாரம் நடக்கற மாதிரியே இல்லையே! ஆர்டர் போட்டவங்களையெல்லாம் நீயே ஒவ்வொருத்தரா கூப்பிட்டு, 'சேலை எப்படி இருக்குதுங்க'ன்னு வெசாரி."

வாங்குகிறவர்களுக்கு எல்லாவற்றையும் சுலபமாக்கிவிட்டால், மிச்சமாகிற சிரமமெல்லாம் அதைச் செய்தவள் தலையில்தான் வந்து விடியும் என்பதை என் கல்லூரியில் யாரும் சொல்லித் தரவில்லை.